அங்குசம் இல்லாத யானை

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். பிச்சைமுத்து அந்தக் குறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்தேழு வயதில் அவர் பார்த்த காகிதங்களில், பென்சில் குறியோடு வந்த எதுவும் அவருக்கு நல்லது செய்ததில்லை. தோட்டத்தை விற்றபோது இப்படி ஒரு குறி. லயத்து வரிசை வீடுகளைத் தற்காலிகக் குடியிருப்பு என்று மாற்றியபோது இன்னொரு குறி.

"இதுல என்னா சார் எழுதியிருக்கு?"

"உங்களுக்கு டிரெய்னிங் முழுசா குடுத்தாச்சு, இனிமே மெஷினை நீங்களே தனியா ஓட்டுவீங்கன்னு எழுதியிருக்கு, அங்கிள்" என்றார் கிருபாலன்.

"நான் எங்க ஓட்டுவேன்? எனக்குத்தான் தெரியாதே."

கிருபாலன் சிரித்தார். அவர் ஆலை இஞ்சினியர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக வந்த குடும்பம். பாச்சாங்கிலிருந்து தினமும் காரில் வந்து போகிறவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மேலே இருப்பவனிடமும் சிரித்து, கீழே இருப்பவனிடமும் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே பதினைந்து வருடம் ஓட்டிவிட்டவர்.

லூபோக் சீனாவைத் தாண்டி செம்பனைக் காட்டுக்குள் நாலு மைல் போனால் அந்த எண்ணெய் ஆலை. பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சூடான பழுப்புத் தண்ணீர் ஆறு குளங்களில் போய்க் கிடக்கும். அந்தக் குளங்களுக்குக் காவலாளும் வேலையாளும் எல்லாம் பிச்சைமுத்துதான். அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் இதே ஆலையில் பாய்லருக்கு நெருப்புப் போட்டவர். போன வருடம் டென்மார்க் தேசத்துக் கம்பெனி ஒன்று வந்து, பெரிய குளத்தின் மேல் கறுப்புத் தோல் போல ஒரு விரிப்பைப் போட்டு மூடியது. தண்ணீரிலிருந்து கிளம்பும் கேஸ் அதற்குள் நிறைந்து பலூன் மாதிரி உப்பும். அதைக் குழாய் வழியாக இழுத்து, இரும்பு அறைக்குள் இருக்கும் ஓர் இஞ்சினில் எரித்தால் கரண்டு. இஞ்சின் நின்றுவிட்டால் கேஸ் தானாக ஓர் உயரக் குழாய்க்குப் போய் அங்கே தானாகவே பற்றி எரிய வேண்டும். எல்லாமே தானாக. அந்தத் 'தானாக' என்ற வார்த்தைதான் பிச்சைமுத்துவுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

பணக்கார நாடுகள் சேர்ந்து போட்ட நிதியில் இந்த மெஷின் வந்தது. நிதி கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள்: மெஷின் மட்டும் வந்தால் போதாது, அதை ஓட்டும் அறிவும் உள்ளூர்க்காரன் கைக்கு வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்துவிட்டது என்பதற்குத்தான் இந்தக் காகிதம். குளத்துப் பொறுப்பாளன் கையெழுத்துப் போட்டால் டென்மார்க்காரன் வேலை முடிந்தது. லயத்து இருபத்திரண்டு வீட்டுக்கும் இலவசக் கரண்டு வந்துவிடும்.

டிரெய்னிங்குக்கு வந்த மற்ற ஐந்து பேரும் போட்டுவிட்டார்கள். போடாமல் என்ன செய்வார்கள்? டிரெய்னிங் மூன்று நாள் கேண்டீனில் நடந்தது. யென்ஸ் என்று ஒரு நெட்டை வெள்ளைக்காரன், வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, பாவம், தோசையை ஆசையாகச் சாப்பிடுகிற ஆள், சுவரில் படம் காட்டி ஆங்கிலத்தில் பேசினான். ஒவ்வொரு படம் முடிந்ததும் "ஓகே?" என்பான். இவர்கள் ஆறு பேரும் "ஓகே பாஸ்" என்பார்கள். வெள்ளைக்காரனுக்கு முன்னால் தெரியவில்லை என்று வாயைத் திறந்தவன் மறுநாள் வெளிக்காட்டு வேலைக்குப் போவான் என்பது அப்பன் பாட்டன் காலத்துப் பாடம். வெள்ளைக்கார துரைகள் போய் அறுபது வருடம் ஆகியும் தலை தானாக ஆடியது. பிச்சைமுத்துவின் தலையும் இரண்டு நாள் ஆடத்தான் செய்தது.

மூன்றாம் நாள் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த உயரக் குழாய் தானா பத்திக்கலன்னா, கையால பத்தவைக்கிறது எப்படின்னு கேளுங்க சார்."

கிருபாலன் கேட்டார். யென்ஸ் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான்.

"அப்படி நடக்கவே நடக்காதாம் அங்கிள். எல்லாம் ஆட்டோமேட்டிக்."

"நடந்தா?"

"அவங்க ஆபீசுக்குப் போன் பண்ணணும். கன்ட்ரோல் பெட்டிக்கு ஒரு நம்பர் இருக்கு. அவங்க அங்கருந்து நம்பரப் போட்டு சரி பண்ணிடுவாங்க."

"அந்த நம்பர நமக்குக் குடுக்கச் சொல்லுங்க."

இதை கிருபாலன் மொழிபெயர்க்கவே இல்லை. கேண்டீனுக்கு வெளியே வந்ததும், "அது அவங்க கம்பெனி ரகசியம் அங்கிள், கேட்டா நல்லாருக்காது" என்றார்.

"யானையக் குடுத்துட்டு அங்குசத்த இடுப்புல சொருகிக்கிட்டு பிளேன் ஏறுறான். இதுக்குப் பேரு கத்துக்குடுக்கிறதா?"

கூட நடந்து வந்த புவனேந்திரன், "தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்குறியேண்ணே" என்று சொல்லிச் சிரித்தான். இஞ்சின் அறைக்குப் பொறுப்பு அவன். நாற்பது வயது, மூன்று பிள்ளை, வாங்கி இரண்டு மாதம் ஆன மோட்டார் சைக்கிள்.

"மாடு முட்டுனா உன் வீட்டத் தாண்டித்தான்டா போகும்" என்றார் பிச்சைமுத்து.

அதுதான் விஷயம். குளத்துக்குக் கீழே, சரிவில், முந்நூறு அடியில் லயம். முதல் வரிசையில் மூன்றாவது வீட்டில் அவருடைய மகள் திலகவதி, இரண்டு பெண் குழந்தைகளோடு. புருஷன் ஜொகூரில் லாரி ஓட்டுகிறான். மாதத்துக்கு ஒரு முறை வருவான். அந்த உப்பிய பலூன் என்றைக்காவது வழி தெரியாமல் திணறினால், அது கக்குவது அவள் வாசலில்தான். கேஸை நிறுத்தவோ கையால் எரித்துவிடவோ தெரிந்துகொள்ளாமல் தெரியும் என்று எழுதிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

திலகவதிக்கு வேறு கணக்கு. தோசை மாவு அரைத்து லூபோக் சீனா பசார் கடைகளுக்குப் போடுகிறாள். "ஒரு கையெழுத்துக்கு லயமே காத்துக்கிட்டு இருக்குப்பா" என்றாள், குனிந்து கிரைண்டரைக் கழுவிக்கொண்டே. "தண்ணிக் குழாய்ல பாக்குற பொம்பளைங்க எல்லாம் உங்கப்பாவுக்கு என்னாடி கேடுன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. அதான் உண்ம."

"தெரியாதுன்னு சொல்றதுல உங்களுக்கு என்னா பெரும?"

பெருமை இல்லை. பயம். பயத்தை மகளிடம் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

*

ஆயுத பூஜை சனிக்கிழமை வந்தது. ஆலையில் வருடா வருடம் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டுவார்கள். பழம் அரைக்கும் மெஷினிலிருந்து தள்ளுவண்டி வரைக்கும் எதுவும் தப்பாது. குளத்துப் பக்கம் நெருப்பே கூடாது என்று பிச்சைமுத்து முந்தின நாளே சொல்லிவைத்திருந்தார். புவனேந்திரனும் கேட்டுக்கொண்டான். குளத்துப் பக்கம் அவன் போகவே இல்லை. இஞ்சின் இருக்கும் இரும்பு அறைக்குள் போய், ஏர்கான் குளிர் வெளியே போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு, புது மெஷினுக்கு சந்தனமும் குங்குமமும் வைத்து, தூபக்காலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டான். கதவில் ஒட்டியிருந்த எச்சரிக்கைப் படத்தில் சிகரெட்டுக்குத்தான் குறுக்குக் கோடு இருந்தது. சாம்பிராணிக்கு இல்லை.

கூரையில் வெள்ளையாக ஒரு மூடி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது புகையைக் கண்டுபிடிக்கும் கருவி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் ஓகே பாஸ் என்றிருப்பான்.

காலை பதினொரு மணி. ஊளை ஒன்று கிளம்பியது. இஞ்சின் நின்றது. இஞ்சினுக்குப் போகும் கேஸ் குழாய் தானாக மூடிக்கொண்டது. உயரக் குழாய் பற்றவில்லை. பிச்சைமுத்து ஓடி வந்தபோது கன்ட்ரோல் பெட்டியின் கண்ணாடியில் சிவப்பாக ஒரு கட்டம் நின்று நம்பரைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"சாம்பிராணிதாண்ணே போட்டேன். மாரியாத்தா சத்தியமா." புவனேந்திரன் கையில் தூபக்கால் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"அத மொதல்ல தண்ணியில முக்குடா."

கிருபாலனுக்குப் போன் போட்டார்கள். அவர் காரில் ஏறிக்கொண்டே டென்மார்க்குக்கு அடித்துப் பார்த்திருக்கிறார். அங்கே விடியற்காலை ஐந்து மணி. சனிக்கிழமை வேறு. திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கூப்பிடவும் என்று ஒரு பொம்பளைக் குரல் மரியாதையாகச் சொல்லிவிட்டு அடங்கிப்போனது.

குளத்தில் பலூன் ஏறிக்கொண்டிருந்தது. பிச்சைமுத்து தனக்குத் தெரிந்ததை முதலில் செய்தார். ஆலையிலிருந்து வரும் தண்ணீரை மடக்கிப் பழைய திறந்த குளத்துக்குத் திருப்பினார். ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீர் நொதிப்பதை எந்த மடையைப் போட்டு நிறுத்த? அரை மணி நேரத்தில் விரிப்பு விறைத்து, ஓரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொப்புளம் கொப்புளமாகக் கேஸ் வெளியேற ஆரம்பித்தது. அளவுக்கு மேல் போனால் அப்படி விடுவதற்குத்தான் அந்தத் தொட்டி. விட்டது நேரே லயத்துக்கு இறங்கியது. அழுகின முட்டை நாற்றம். அந்த நாற்றம் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குத் தெரியாமல் போகும். தெரியாமல் போனால்தான் ஆபத்து என்று பாய்லர் காலத்தில் ஒரு சீனக் கிழவன் அவருக்குச் சொல்லியிருந்தான்.

மகளுக்குப் போன் அடித்தார். "அடுப்ப அணை. பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு கோயில் மேட்டுக்கு ஏறு. எல்லார் வீட்டுக் கதவையும் தட்டு. ஒருத்தியும் விளக்கேத்தக்கூடாது."

"அப்பா, சின்னவ வாந்தி எடுக்குறா."

"தூக்கிக்கிட்டு ஏறும்மா."

கிருபாலன் வந்து சேர்ந்தபோது முகம் சாம்பலாக இருந்தது. தீயை அணைக்கும் பொம்பாவுக்குச் சொல்லியாயிற்று, வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றார். உயரக் குழாய்க்குப் போகும் வழியில் கை வால்வு ஒன்று உண்டு. அதில் கம்பெனி பூட்டும் மஞ்சள் முத்திரையும் தொங்கின.

"அத ஒடைச்சா வாரண்டி போயிடும் அங்கிள்."

பிச்சைமுத்து அவரைத் திரும்பிப் பார்த்தார். "கோயில் மேட்டுல எத்தன பிள்ளைங்க நிக்குதுன்னு போய் எண்ணிட்டு வாங்க சார். அப்புறம் வாரண்டியப் பேசுவோம்."

கிருபாலன் கோயில் மேட்டை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, வீட்டில் பெரியவர்களிடம் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழில், "ஓம்... ஒடைங்கோ" என்றார்.

புவனேந்திரன் பூட்டை அறுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அதக் கொண்டு வராதடா, பொறி பறக்கும்" என்று பிச்சைமுத்து அதட்டி, நீளக் கைப்பிடி வைத்த வெட்டுக் கத்தரியால் தானே பூட்டை வெட்டினார். வால்வைத் திறக்கவில்லை. பாய்லர்க்காரனுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: முதலில் நெருப்பு, பிறகுதான் எரிபொருள். மாற்றிச் செய்தவன் வீட்டுக்குப் போக மாட்டான்.

உயரமான செம்பனையில் குலை அறுக்கும் அலுமினியக் கம்பைக் கொண்டுவரச் சொன்னார். நுனியில் சாக்கைச் சுற்றி டீசலில் நனைத்தார். காற்று முதுகுப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்துக்கொண்டார். கேஸ் கக்கும் தொட்டி குளத்தின் அந்தக் கோடியில், காற்றுக்குக் கீழே. சாக்கைப் பற்றவைத்து, மண் கரைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, கம்பை உயரக் குழாயின் வாய்க்கு ஏற்றினார். கம்பு நுனி காற்றில் ஆடியது.

"கால்வாசி திருகு. கால்தான். முழுசாத் தொறந்த, ரெண்டு பேரும் காலி" என்று வால்வுப் பக்கம் நின்ற புவனேந்திரனிடம் கத்தினார்.

முதல் தடவை காற்று நெருப்பை அணைத்துவிட்டது. அவன் வால்வை மூடினான். மறுபடி சாக்கு, மறுபடி டீசல். இரண்டாம் தடவை கம்பு நழுவிக் குழாயில் இடித்துத் தீப்பொறி உதிர்ந்தது. புவனேந்திரன் அழுதுகொண்டே வால்வைப் பிடித்திருந்தான். மூன்றாம் தடவை, பெரிய துணியை உதறினாற்போல ஒரு சத்தம் கேட்டது. உச்சி வெயிலில் நெருப்பு கண்ணுக்கே தெரியவில்லை. குழாய்க்கு மேலே ஆகாயம் மட்டும் நெளிந்தது. அந்தப் பக்கம் பறந்து வந்த காக்கை ஒன்று சட்டென்று விலகிப் போனதைப் பார்த்த பிறகுதான் பிச்சைமுத்து கம்பைக் கீழே போட்டார். இடது புருவம் கருகியிருந்தது.

பொம்பா வண்டி வந்தபோது தொட்டியில் கொப்புளம் அடங்கியிருந்தது. திலகவதியின் சின்ன மகளையும் இன்னும் நாலு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அன்று மாலையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி அப்பாவுக்குச் சோறு போட்டபோது திலகவதி, கேட்காமலே, கருவாட்டை இரண்டு துண்டு கூட வைத்தாள்.

*

செவ்வாய்க்கிழமை கிருபாலன் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் அதே காகிதம், அதே பென்சில் குறி. டென்மார்க்கிலிருந்து ஈமெயில் வந்திருந்தது.

"பூட்ட ஒடைச்சது யாருன்னு கேக்குறாங்க. டிரெய்னிங் முடிச்ச பொறுப்பாளர் செஞ்சிருந்தா பிரச்சன இல்லையாம். வாரண்டி இருக்குமாம், கம்ப்யூட்டர சரிபண்ணிக் குடுப்பாங்களாம். டிரெய்னிங் முடிக்காத ஆள் தொட்டிருந்தா..." கிருபாலன் கையை விரித்தார். "மெஷின அப்படியே நிறுத்திட்டு ரிப்போர்ட் எழுதிடுவாங்க. லயத்துக்குக் கரண்டு கெடையாது. கேஸும் அப்படியேதான் கெடக்கும்."

"அப்ப நான் கையெழுத்துப் போட்டா, அன்னிக்கி நான் செஞ்சது அவன் கத்துக்குடுத்தது. போடலன்னா நான் திருடன்."

கிருபாலன் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சரி. அந்த நம்பரக் குடுக்கச் சொல்லுங்க. நான் போடுறேன்."

போனில் யென்ஸின் முகம் வந்தது. மூக்குத் தோல் ஆறியிருந்தது. பின்னால் ஜன்னலில் மழை. பிச்சைமுத்துவைப் பார்த்ததும் எழுந்து நின்று என்னவோ சொன்னான்.

"நீங்க செஞ்சது சரியாம். அவனே அங்க இருந்திருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்னு சொல்றான். ரொம்ப வருத்தப்படுறான் அங்கிள்."

"நம்பரு?"

கிருபாலன் கேட்டார். யென்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். பதில் நீளமாக இருந்தது. கிருபாலன் சொன்னது சுருக்கமாக இருந்தது. "அது அவன் கையில இல்லையாம். கம்பெனி சொத்தாம்."

"நம்பரு கம்பெனி சொத்து. நாத்தம் மட்டும் எங்க சொத்தா? இதக் கேளுங்க சார்."

கிருபாலன் கேட்கவில்லை. நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

பிச்சைமுத்து காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த கை. பேனாவை உளி மாதிரிப் பிடித்துக்கொண்டு, பென்சில் குறி போட்ட கட்டத்துக்குள், மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதினார். கட்டம் போதாமல் வரி கீழே இறங்கியது. எழுதி முடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கிருபாலன் ஏர்கான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தார்.

'ரெண்டு பட்டன் காட்டினார்கள். நெருப்பு வைப்பது காட்டவில்லை. நம்பர் தரவில்லை. இன்னொரு தடவை வந்தால் எங்களால் முடியாது. பிச்சைமுத்து.'

கிருபாலனுக்குத் தமிழ் வாசிக்க வரும், கொஞ்சம் தட்டித் தடவி. அவர் உதடு அசைவதைப் பிச்சைமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரியில் உதடு நின்றது. மறுபடி முதலிலிருந்து ஒரு தடவை அசைந்தது.

"அங்க யாருக்கும் தமிழ் தெரியாது அங்கிள்" என்றார் கிருபாலன்.

"உங்களுக்குத் தெரியுமே."

கிருபாலன் எழுந்து காகிதத்தை ஸ்கேன் மெஷினில் கவிழ்த்து வைத்தார். மூடியின் இடுக்கில் பச்சை வெளிச்சம் ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்தது. டென்மார்க்கில் அது வெறும் கையெழுத்தாகத்தான் தெரியும். எட்டிப் பிடுங்கியிருக்கலாம். கை நீட்டும் தூரம்தான். பிச்சைமுத்துவின் கை மேசையிலேயே கிடந்தது. கரண்டு வரும், கம்ப்யூட்டரைச் சரிபண்ணுவார்கள், கேஸ் சும்மா கிடக்காது என்று அந்தக் கைக்கும் தெரிந்திருந்தது. பிடுங்காமல் விட்டது தான்தான் என்பதும் தெரிந்திருந்தது.

வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"கோயில் மேட்டுக்குப் பக்கத்துல பழைய கிராணி வீடு பூட்டிக் கெடக்குல்ல, சார். ஓட்டு வீடு. என் மகளுக்கு அத விடுவீங்களா? வாடக தர்றேன்."

அந்த வீட்டைக் கேட்டு ஏழு வருடமாக எத்தனையோ பேர் மனுப் போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் கிடைத்ததில்லை. மேலிடத்து உத்தரவு வேண்டும், கூட்டத்தில் வைக்க வேண்டும், பார்க்கலாம் அங்கிள் என்ற பதில்தான் வரும் என்று பிச்சைமுத்து எதிர்பார்த்து நின்றார். பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்திருக்கும்.

கிருபாலன் ஏன் என்று கேட்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, துருப்பிடித்த சாவிக் கொத்தில் தேடி ஒன்றைக் கழற்றி, மேசைமேல் வைத்தார்.

"வாடக வேண்டாம். இன்னிக்கே மாத்திடுங்க" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொரு தடவை வந்தால் முடியாது என்று எழுதியதைக் கிருபாலன் நம்பிவிட்டார் என்று பிச்சைமுத்துவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமை நெருப்புக்குக் கீழே குந்தியிருந்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கீழே லயத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது. யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். மேட்டில் இருந்தது அந்த ஒரே ஒரு வீடுதான். முதல் வரிசையிலிருந்து அவர் ஒவ்வொரு கூரையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மகள் வீட்டைத் தாண்டி நாலாவது கூரைக்கு வந்ததும் அவரால் மேற்கொண்டு பார்க்க முடியவில்லை. அது புவனேந்திரன் வீடு.